பிஷன் கௌர் வாசிக்க உட்கார்ந்த பைசாகி

1964-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. விடியலில் இறங்கிய மூடுபனி முற்பகல் வரை விலகவில்லை. குருத்வாராவின் கொடிமரத்தில் கீழ்ப்பாதி மட்டும் தெரிந்தது. மேல்பாதியும் கொடியும் வெண்மைக்குள் மறைந்திருந்தன. பிஷன் கௌர் தம் வீட்டு முற்றத்தில் அடுப்பருகே அமர்ந்து கடுகுக்கீரை நறுக்கிக்கொண்டிருந்தார். குருத்வாராவின் கூரையிலிருந்த ஒலிபெருக்கி வழியாக அவருடைய கணவரின் இருமல் ஊர் முழுவதும் கேட்டது. காலை வழிபாடு முடிந்து மக்கள் கலைந்த பிறகு, கருவியை அணைக்க மறந்துவிட்டு, நிர்வாகக் குழுவினர் ஐவரும் அதன் முன்னாலேயே கூட்டம் போட்டுவிட்டார்கள் என்பது அவருக்கு உடனே புரிந்தது. அரிவாளைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்கலானார். எங்கள் பஞ்சாப் கிராமமான கோட் நிஹாலாவில் அன்று வீட்டில் இருந்த அனைவரும் அதையேதான் செய்தார்கள்.

கணவர் சூபேதார் ஜாகீர் சிங், ஒன்பது ஆண்டுகளாகக் குழுவின் தலைவர். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மீசையை மட்டும் இன்னும் பணியில் வைத்திருந்தார். குருத்வாராவின் சாவிக் கொத்து அவர் இடுப்பில் எப்போதும் தொங்கும். அவர் வருவதற்கு முன்னரே அதன் ஓசை வந்துவிடும்.

கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தவர் புதிய கிரந்தி, பாயி நிதான் சிங். புனித நூலான கிரந்த் சாஹிபை நாள்தோறும் திறந்து வாசித்து, வழிபாட்டை நடத்துவது கிரந்தியின் பொறுப்பு. அவருக்கு முன் இருந்தவர் அந்தப் பொறுப்போடு குழுவினரின் குதிரைகளைப் பிடிப்பார், கடைக்கு ஓடுவார், அறுவடைக் காலத்தில் வீடு வீடாகச் சென்று கோதுமை கேட்டு நிற்பார். நிதான் சிங் அமிர்தசரசில் முறையாகப் பயின்று, முந்தைய ஆண்டு மழைக்காலம் முடிந்தபின் எங்கள் ஊருக்கு வந்தவர், முப்பது வயது. வந்த முதல் வாரத்தில் குழுவினர் அவரைத் தேநீர் கொண்டுவரச் சொன்னார்கள். அவர் மறுப்பின்றிக் கொண்டுவந்தார். ஆறு குவளைகளாகக் கொண்டுவந்து, ஆறாவதை எடுத்துக்கொண்டு அவர்களுடைய கட்டிலிலேயே அமர்ந்து குடித்தார். அதன் பிறகு யாரும் அவரிடம் தேநீர் கேட்கவில்லை.

ஒலிபெருக்கியில் அவருடைய குரல் வந்தது.

"சர்தார்களே, இந்தப் பைசாகிக்கு அகண்ட பாராயணம் வாசிக்க வெளியூர்லேருந்து கூலிக்கு ஆள் கூப்பிட வேண்டாம். நம்ம ஊர்க்காரங்களே முறை போட்டு வாசிப்போம்."

"நம்ம ஊர்லயா? யாரு வாசிப்பா? என் எருமையா?" இது, ஊரின் நிலவரியை வசூலிக்கும் லம்பர்தார் பசாவா சிங்கின் குரல். சூபேதாருக்கு அடுத்த இடம் குழுவில் அவருடையது. அந்த அடுத்த இடம் அவருக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

"போன வருஷம் வந்தவங்க ரயிலு மாதிரி ஓட்டினாங்களாமே, அதைவிட எருமை தேவலை. ஒரு இடத்துல ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டு ஒண்ணாப் புரண்டுச்சாம். இடையில இருந்த பக்கம் அப்படியே போச்சாம். உங்கள்ல யாருக்காவது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டோமா, கிரந்தி ஜி?"

"ஒருத்தங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. சொல்லியும் அனுப்பியிருக்காங்க."

தெரிந்துகொண்டவர் பிஷன் கௌர். முந்தைய ஆண்டு, ஏப்ரல் நடுவில் வரும் பைசாகித் திருநாளுக்கு முதல் நாள், அவர் குருத்வாராவின் பொதுச் சமையற்கட்டில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். இரண்டு நாள் இடைவிடாமல் வாசிக்கப்பட வேண்டிய நூலில் ஓர் அடி முடிந்து, அதற்குச் சற்றும் தொடர்பில்லாத வேறோர் அடி தொடங்கியது அவர் காதில் பட்டது. மாவுக் கையோடு எழுந்து ஆள் அனுப்பினார். "ரொட்டி கருகப்போகுது, அதைப் பாக்கச் சொல்லு" என்று கணவரிடமிருந்து பதில் வந்தது. ரொட்டி கருகவில்லை. விட்டுப்போன பக்கங்களைத் திரும்ப வாசிக்கவும் இல்லை.

"இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது" என்று நிதான் சிங் தொடர்ந்தார். "கிரந்த் சாஹிப்தான் நமக்குக் குரு. குருவோட வீட்டை நிர்வாகம் பண்றவங்களுக்கு அவர் சொல்றதை வாசிக்கத் தெரிஞ்சிருக்கணும். இனிமே கமிட்டியில உக்கார்றவங்க பைசாகிக்கு ஒரு முறையாவது வாசிக்கணும்."

"அப்ப கமிட்டிக்கு இன்னைக்கே பூட்டு போட்டுடலாம்!" பசாவா சிங் உரக்கச் சிரித்தார். "ஆனா நம்ம சூபேதார் இருக்காரே. தினம் அரசமரத்தடியில கண்ணாடியை மாட்டிக்கிட்டு பேப்பர் படிக்கிறாரு. என்ன சூபேதாரே, முதல் ஆளா நீங்க வாசிங்களேன்!"

பசாவா சிங்கின் குத்தல் எங்கே பாய்ந்தது என்பது ஊருக்கே தெரியும். சூபேதார் படித்தது உருதுச் செய்தித்தாள். வெள்ளையர் காலத்துப் பள்ளியில் எங்கள் ஊர் ஆண்கள் அனைவரும் கற்றது உருது எழுத்து. பாடம் முடிந்ததும் ஏர் பிடிக்கவோ பட்டாளத்துக்கோ போய்விட்டார்கள். கிரந்த் சாஹிபின் குர்முகி எழுத்தை அவர்களில் அநேகமாக எவரும் கற்கவில்லை. வழிபாட்டுக்குத் தேவையானவற்றைக் காதால் கேட்டு மனத்தில் வைத்திருந்தார்கள். அதுவே போதும் என்றும் வைத்திருந்தார்கள்.

"வாசிக்கறேன்யா!" என்று சூபேதாரின் குரல் இடித்தது. "பைசாகி பாராயணத்துல ஒரு முழு முறை, ரெண்டு மணி நேரம், நானே வாசிக்கறேன். வாசிக்கலேன்னா இந்தச் சாவிக் கொத்தைக் குருவுக்கு முன்னால வச்சுட்டு எழுந்து போயிடறேன். நீ எடுத்து மாட்டிக்கோ!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்றார் பசாவா சிங்.

அவர் கேட்டது குழுவினர் நால்வரை. கேட்டுக்கொண்டிருந்தது ஊர் முழுவதும்.

சூபேதார் வீடு திரும்பும் வழியெல்லாம் வாசல்களில் பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். அதற்கான காரணம் அவருக்குத் தம் வீட்டு முற்றத்துக்கு வந்த பின்னரே விளங்கியது.

"பாக்யவதி, ஒரு விஷயம் சொல்லணும்." மனைவியை அவர் எப்போதும் அப்படித்தான் அழைப்பார்.

"சொல்லியாச்சே, சர்தார்ஜி. கூரை மேலேருந்து சொன்னீங்க. எல்லைக்கு அந்தப் பக்கம் பாகிஸ்தான்ல கூடக் கேட்டிருக்கும்."

சூபேதார் கட்டிலில் அமர்ந்தார். சாவிக் கொத்து அவரோடு அமர்ந்து ஓய்ந்தது. "பைசாகிக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கு" என்றார்.

"கழுதைக்கு எட்டு வாரம் போதாது. சூபேதாருக்குப் போதுமான்னு பாக்கணும்."

"நீதான் சொல்லித்தரணும்."

இதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு முப்பத்தெட்டு ஆண்டு இல்லறம் தேவைப்பட்டது. பிஷன் கௌர் பிறந்த ஊரில், சமயச் சீர்திருத்தம் பேசியவர்கள் சிலர் பெண் குழந்தைகளுக்கென ஒரு பள்ளி தொடங்கினார்கள். கட்டடம் கிடைக்காததால் ஒரு மாட்டுக் கொட்டகையில் ஒரு பாதியில் பள்ளி நடந்தது. மறுபாதியில் மாடுகள் நின்றன. அங்கேதான் அவர் குர்முகி கற்றார். திருமணமாகி வந்தபோது, இரண்டு பாகங்களாகக் கட்டிய கிரந்த் சாஹிபை அந்தப் பள்ளி அவருக்குப் பரிசாகக் கொடுத்து அனுப்பியது. அது துணி சுற்றி வீட்டின் உயர்ந்த மாடத்தில் இருந்தது. காலையில் வீடு எழுவதற்கு முன் அவர் அதை வாசிப்பார். பகலில் அண்டை வீட்டுப் பெண்கள் வந்து அடுப்பங்கரையில் அமர்வார்கள். அவர்கள் சமையல் கற்க வருவதாகவே சூபேதார் எண்ணியிருந்தார். அவர்கள் எழுத்துக் கற்றுப்போனார்கள். சமையல் அவர்களுக்கு முன்பே தெரியும்.

"சொல்லித்தர்றேன்" என்றார் பிஷன் கௌர். "ஆனா பாராயணத்துல எனக்கும் ஒரு முறை வேணும். உங்களுக்கு முந்தின முறை."

"நீயா? ஊரு பாக்க, கிரந்த் சாஹிபுக்குப் பின்னால உக்காந்தா? பொம்பளைங்க அப்படி உக்கார்ற வழக்கம் இல்லையே."

"வழக்கம் யாரு போட்டது? பத்து குருல எந்தக் குரு பொம்பளை வாசிக்கக் கூடாதுன்னாரு? பேரைச் சொல்லுங்க, முக்காட்டைப் போட்டுக்கிட்டு உள்ள போயிடறேன்."

சூபேதார் பத்துக் குருக்களின் பெயரையும் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார்.

"பசாவா சிங் என்ன சொல்லுவான்?"

"அவர் வாசிக்கட்டும். அப்புறம் சொல்லட்டும்."

பாடம் மறுநாளே தொடங்கியது. மாவு பிசையும் அகன்ற தட்டில் உலர்ந்த மாவைப் பரப்பி, அதில் பிஷன் கௌர் விரலால் எழுத்தை எழுதுவார். சூபேதார் அதன்மேல் எழுதிப் பழகுவார். பிறகு தட்டை ஒரு தட்டுத் தட்டினால் பலகை புதிதாகிவிடும். எழுத்தைச் சொல்லும்போது அவர் பட்டாளத்தில் ஆணை இடுவதைப் போலவே இட்டார். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். முப்பத்தைந்து எழுத்துகளும் விரைவிலேயே அவர் வசப்பட்டன. ஆனால் எழுத்து சொல்லாகச் சேர்வதற்குள் அவருக்கு வியர்த்தது.

"ஏங்க, அந்தச் சொல்லை ஏன் இப்படி முறைக்கறீங்க? அது ஓடிப்போகாது."

"நான் கிட்டப் போனா அது விலகுது, பாக்யவதி."

"நீங்கதான் விலகறீங்க. மெதுவா வாசிங்க. யாரும் துரத்தலை."

அவரைத் துரத்துவது பைசாகி என்பது இருவருக்கும் தெரியும்.

இதற்கிடையில் நிதான் சிங் வாசிக்கத் தெரிந்தவர்களின் பெயர்களைச் சேர்த்தார். ஆண்களில் அவரையும், பட்டாளத்தில் குர்முகி கற்றுவந்த இருவரையும், பள்ளியில் படித்த இளைஞர் சிலரையும் தவிர ஆள் இல்லை. பெண்களில் கேட்டபோது கதவுக்குக் கதவு பெயர் வந்தது. எல்லாப் பெயர்களும் பிஷன் கௌரின் அடுப்பங்கரையில் சென்று முடிந்தன. குழுவில் இதைச் சொன்னபோது பசாவா சிங் எழுந்து நின்றுவிட்டார். சூபேதார் மட்டும் அமைதியாக, "எந்தக் குரு வேண்டாம்னாருன்னு சொல்லு, பசாவா. பேரைச் சொல்லு" என்றார். பசாவா சிங்கும் விரல் மடக்கி எண்ணிவிட்டு உட்கார்ந்தார். அப்போது ஒலிபெருக்கி அணைக்கப்பட்டிருந்தது. இருப்பினும் இச்செய்தி மாலைக்குள் ஊரைச் சுற்றிவிட்டது.

மார்ச் மாதம் பிறந்து கோதுமை கதிர்விட்டபோது சூபேதாருக்குப் பொறுமை போயிற்று. ஒரு பக்கத்தை வாசித்து முடிக்க அவருக்கு ஒரு பாட்டில் எண்ணெய் எரியும் நேரம் ஆயிற்று என்று அவரே சொல்லிக்கொண்டார். ஆகவே அவர் பட்டாளத்துக்காரருக்கு உரிய ஒரு திட்டம் தீட்டினார். மோகாவுக்குச் சந்தைக்குப் போனபோது, முன்பு எங்கள் ஊருக்குக் கூலிக்கு வந்து வாசித்த ஒருவரைத் தேடிப்பிடித்தார். அவருக்கு லஸ்ஸி வாங்கிக் கொடுத்து, இரண்டாம் நாள் முற்பகலில் பாராயணம் வழக்கமாக எந்தப் பக்கங்களில் ஓடும் என்பதைப் பேச்சோடு பேச்சாகக் கேட்டறிந்தார். சூபேதாருடைய முறை அப்போதுதான். அந்தப் பக்கங்களை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டால், புத்தகத்தைப் பார்த்தபடி தடையின்றி ஒப்பித்துவிடலாம். காதால் கேட்டு மனத்தில் வைப்பது அவர் வாழ்நாள் முழுவதும் செய்துவந்த வேலை.

அன்று முதல் அவர் சணல் கயிறு திரித்துக்கொண்டே மனைவியை வாசிக்கச் சொன்னார்.

"எந்தப் பக்கம்?" என்று பிஷன் கௌர் கேட்டார்.

அவர் பக்கத்தைச் சொன்னார். மறுநாளும் அதே பக்கங்களைச் சொன்னார். அதற்கடுத்த நாளும்.

"ஏங்க, தினம் இதே பக்கமா? மத்த பக்கம் எல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாத்தான் காது பழகும்."

பிஷன் கௌர் அவரைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அதே பக்கங்களை வாசித்தார். ஆனால் மாவுத் தட்டுப் பாடத்தை ஒருநாளும் விட்டுவிடவில்லை. கயிற்றுக்கு ஒரு மணி நேரம் என்றால் தட்டுக்கும் ஒரு மணி நேரம் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

ஏப்ரல் வந்தது. கோதுமை பழுத்து வெயில் ஏறியது. பாராயணம் தொடங்கிய அன்று பசாவா சிங் இடது கண்ணில் ஒரு வெள்ளைத் துணிக் கட்டோடு வந்தார்.

"என்ன லம்பர்தார், என்ன ஆச்சு?"

"கண்ணு வலி. பொத்தி வைக்கணும்னு வைத்தியர் சொல்லிட்டாரு. வாசிக்கணும்னு எவ்வளவு ஆசையா இருந்தேன் தெரியுமா!"

நிதான் சிங் முதல் முறையைத் தாமே வாசித்துத் தொடங்கிவைத்தார். ஒருவர் முறை முடியும்போது அடுத்தவர் அருகில் வந்து அமர்ந்து, முன்னவரோடு சேர்ந்து ஓர் அடியைக் குரலெடுத்து வாசிக்க வேண்டும். குரல் இணைந்த பின்னரே முன்னவர் நிறுத்தி எழலாம். இடையில் ஓசை அறக் கூடாது. எங்கள் ஊர் ஆண்களும், இரண்டாம் நாளிலிருந்து பெண்களும் அதைப் பிசகின்றிச் செய்தார்கள். அவர்கள் கூலிக்கு வந்தவர்களைப் போல ஓடவில்லை. தெரிந்த சொற்களில் நின்றார்கள். சில இடங்களில் தலையசைத்துக்கொண்டே வாசித்தார்கள். அரசமரத்தடியில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். பொருள் புரியும்படி கேட்பது அவர்களுக்கே புதுமையாக இருந்தது. "இதெல்லாம் இதுக்குள்ள இருக்கா?" என்று ஒருவர் அருகிலிருந்தவரைக் கேட்டார்.

இதனால் ஒரு விளைவும் நேர்ந்தது. பாராயணம், வழக்கமான இடத்தைவிட வெகுவாகப் பின்தங்கியது.

இரண்டாம் நாள் முற்பகலில், பெண்களில் முதலாவதாகப் பிஷன் கௌர் வாசிக்க அமர்ந்தார். வெளிர் நீலத் துப்பட்டாவால் தலையை மூடி, கைகளைக் கழுவித் துடைத்து, தலைவணங்கிவிட்டு அமர்ந்தார். முதியவர் மூவர் எழுந்து வாசல்வரை சென்றார்கள். அவர் குரல் எழுந்ததும் வாசலிலேயே நின்றார்கள். பிறகு, வெயில் அதிகமாக இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். சமையற்கட்டில் ரொட்டி தட்டிய பெண்கள் ஓசையில்லாமல் தட்டக் கற்றுக்கொண்டார்கள். முப்பத்தெட்டு ஆண்டுகள் விடியலில் யாரும் கேளாமல் வாசித்த குரல் அன்று ஒலிபெருக்கியின் வழியாக வயல்களுக்குச் சென்றது.

சூபேதாரின் முறை வந்தது. நீல நிறத் தலைப்பாகையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டு, சாவிக் கொத்தை ஓசைப்படாமல் பிடித்தபடி வந்து மனைவியின் அருகில் அமர்ந்தார். மனத்தில் அந்தப் பக்கங்கள் அணிவகுத்து நின்றன. கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தைப் பார்த்தார். அது அவருடைய பக்கம் அன்று. அவருடைய பக்கம் இன்னும் ஐம்பது தாள்களுக்கு அப்பால் இருந்தது.

பிஷன் கௌர் வாசித்துக்கொண்டே இருந்தார்; நிறுத்த முடியாது. சூபேதார் சேர்ந்து குரலெடுக்க வேண்டும், எடுக்க முடியவில்லை. பேசவும் கூடாது. பக்கத்தில் நின்று கவரி வீசிக்கொண்டிருந்த நிதான் சிங், கணவரையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். முன்வரிசையில் ஒற்றைக் கண்ணோடு பசாவா சிங் அமர்ந்து சூபேதாரின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிஷன் கௌர் முகத்தில் வியப்பு எதுவும் தோன்றவில்லை. அவர் வாசிப்பின் வேகத்தை மட்டும் குறைத்தார். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக நிற்கும்படி, மாவுத் தட்டின்மேல் விரல் நகர்ந்ததைப் போலக் குரல் நகர்ந்தது. சூபேதாரின் கண்கள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு எழுத்துக்கு வந்தன. ஓர் எழுத்து, அடுத்த எழுத்து, ஒரு சொல். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தச் சொல்லைச் சொன்னார். மனைவியும் அதையே சொன்னார். அடுத்த சொல்லை இருவரும் சேர்ந்து சொன்னார்கள். ஓரடி முழுதாக முடிந்தபோது பிஷன் கௌர் குரலை நிறுத்தினார். சூபேதார் தனியாக ஐந்தாறு சொற்கள் நடந்தார். ஒரு சொல்லில் கால் இடறியது. ஓசை அறுவதற்குள் மனைவியின் குரல் வந்து தாங்கியது. மீண்டும் அவர் நடந்தார். இப்படியே அந்த இரண்டு மணி நேரமும் கழிந்தது. அவருடைய சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. சபையில் யாரும் எழவில்லை. முக்கால்வாசிப் பேர் அவர் இடறிய இடங்களில் தாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

பைசாகி நாளில் பாராயணம் பிற்பகலில் நிறைவுற்றது. பருப்பு இரண்டு முறை சூடாக்கப்பட்டது. வழிபாடு முடிந்து, அல்வாப் பிரசாதம் எல்லார் கையிலும் வந்தபின் பசாவா சிங் எழுந்தார்.

"ஊர்ப் பெரியவங்களே, ஒரே ஒரு கேள்வி. சூபேதார் ஒரு முழு முறை தானே வாசிக்கறேன்னாரு. வாசிச்சாரா?"

"வாசிச்சாரே, கேட்டோமே!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் சூபேதாரைக் கேக்கறேன்."

சூபேதார் எழுந்து நின்றார். மறைப்பதற்கு வழி இருந்தது. ஊரே மறைக்கத் தயாராக இருந்தது.

"இல்லை" என்றார் அவர். "உண்மையைச் சொல்லிடறேன். எனக்கு மனப்பாடம் இருந்தது ஒரு பக்கம், வந்தது வேற பக்கம். பாதி நான் வாசிச்சேன், பாதி அவ வாசிச்சா. நான் வாசிச்ச பாதியும் அவ சொல்லிக்கொடுத்தது."

சபை வாய்விட்டுச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவரும் சேர்ந்துகொண்டார். பிறகு இடுப்பிலிருந்து சாவிக் கொத்தைக் கழற்றி, கிரந்த் சாஹிபின் முன் வைத்து, தரையில் நெற்றி பட வணங்கிவிட்டு, ஆண்கள் வரிசையில் கடைசியில் போய் அமர்ந்தார். சாவிக் கொத்து இல்லாமல் அவர் ஓசையின்றி நடந்ததை எங்கள் ஊர் அன்றுதான் முதன்முதலில் பார்த்தது.

பசாவா சிங் முன்னால் வந்தார். நிதான் சிங் கைகூப்பினார்.

"லம்பர்தார்ஜி, எடுக்கறதுக்கு முன்னால உங்க முறை பாக்கி இருக்கு. கமிட்டியில உக்கார்றவங்க வாசிக்கணும்னு அன்னைக்கே பேசினோம்."

"கண்ணு வலின்னு சொன்னேனே! இதோ, கட்டு தெரியலையா?"

பெண்கள் வரிசையின் முதலில் இருந்த மூதாட்டி சந்தி கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"ஏண்டா பசாவா, நேத்து இடது கண்ணுலதானேடா வலிச்சுது?"

பசாவா சிங்கின் கை கட்டைத் தொட்டது. அது அன்று வலது கண்ணில் இருந்தது. இம்முறை சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று. பசாவா சிங் கட்டை அவிழ்த்து, நலமாக இருந்த இரண்டு கண்களாலும் சபையைப் பார்த்து, தாமும் சிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று கண்டு சிரித்தார்.

"அப்ப சாவியை யாரு எடுக்கறது?" என்று கேட்டார்.

"போன வருஷம் ரெண்டு தாள் ஒட்டிப் புரண்டப்ப யாருக்குத் தெரிஞ்சுதோ, அவங்க எடுக்கட்டும்" என்றார் நிதான் சிங். "நான் சொன்னாப் போதாது. சபை சொல்லணும்."

ஆண்கள் பெண்கள் பக்கம் பார்த்தார்கள். பெண்கள் பிஷன் கௌரைப் பார்த்தார்கள். பிஷன் கௌர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது கடைசி வரிசையிலிருந்து, பட்டாளத்தின் ஆணைக் குரலில், "போலே ஸோ நிஹால்!" என்று ஒப்புதல் கேட்கும் முழக்கம் எழுந்தது. எழுப்பியவர் சூபேதார். "ஸத் ஸ்ரீ அகால்!" என்று சபை முழுவதும் பதில் முழங்கியது. எங்கள் ஊரில் ஒரு தீர்மானம் அதைவிடத் தெளிவாக நிறைவேறியதில்லை.

பிஷன் கௌர் பதின்மூன்று ஆண்டுகள் தலைவராக இருந்தார். சாவிக் கொத்தை இடுப்பில் தொங்கவிடாமல் ஒரு துணிப்பையில் வைத்திருந்தார். ஆகையால் அவர் எப்போது வருவார் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அவருடைய முதல் தீர்மானத்தால் கிரந்திக்கு மாதச் சம்பளம் ஏற்பட்டது. அறுவடைக் காலத்தில் வீடு வீடாகப் போய் நிற்கும் வழக்கம் ஒழிந்தது. இரண்டாவது தீர்மானத்தால், மாலையில் ஆண்களுக்கு எழுத்து வகுப்பு தொடங்கியது. ஊரார் அதை 'மீசை வகுப்பு' என்றார்கள். அதில் முதலில் சேர்ந்தவர் சூபேதார். இரண்டாவதாகச் சேர்ந்தவர் பசாவா சிங். இருவரும் ஒரே மாவுத் தட்டுக்குச் சண்டையிட்டார்கள். பிஷன் கௌர் தம் அடுப்பங்கரை மாணவியருள் இருவரை அமிர்தசரசுக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். ஒருத்தி திரும்பி வந்து பிள்ளைகளுக்குச் சமயக் கல்வி கற்பித்தாள். மற்றொருத்தி வேறோர் ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போய் அங்கே அதையே செய்தாள். நிதான் சிங் கடைசிவரை எங்கள் ஊரிலேயே இருந்தார். ஒவ்வோர் ஆண்டும் பாராயணத்தின்போது பிஷன் கௌர் சமையற்கட்டில்தான் இருப்பார்; தாள் ஒட்டிப் புரண்டால் அங்கிருந்து ஆள் வரும், பாராயணம் திரும்பிப் போகும். யாரும் அவரிடம் ரொட்டியைப் பார்க்கச் சொல்லவில்லை.

சூபேதார் வாசிக்கக் கற்றுக்கொண்டார். வேகம் மட்டும் அவருக்கு வரவில்லை. பிற்காலத்தில், குளிர்கால வெயிலில் முற்றத்துக் கட்டிலில் அமர்ந்து, குர்முகிச் செய்தித்தாளை உரக்க வாசிப்பார். காலையில் தொடங்கிய செய்தி மாலையில் முடியும். அப்படி ஒருநாள், நடுவில் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அருகில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். நானும் நிதான் சிங்கும் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

"பாக்யவதி, ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன். அந்தப் பைசாகிக்கு நான் பக்கத்தை மனப்பாடம் பண்றேன்னும், நம்ம ஊர்க்காரங்க வாசிக்கிற வேகத்துக்கு அந்தப் பக்கம் என் முறைக்கு வந்து சேராதுன்னும் உனக்கு முன்னாடியே தெரியுமா?"

பிஷன் கௌர் ஒரு பட்டாணியை உரித்து முடித்தார்.

"தெரியும்" என்றார்.